திருநெல்வேலிக்குத் தனியாக வந்திருப்பவர்களுக்கு

2022 ஜூன் மாதம், விடிந்தும் விடியாத நேரத்தில், வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடும் ஐந்து கிலோ ராகி மாவோடும் இறங்கினேன். ஓசூரை அடுத்த ஒரு கிராமம் என் ஊர். வங்கியில் இடமாற்றல் உத்தரவு வந்த அன்று வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்த அம்மா, “இதற்கு அப்பால் கடல்தானே இருக்கிறது” என்று சொல்லி அழுதார். முப்பத்தொரு வயதில், ஒருவரையும் தெரியாத ஊரில் தனியாகக் குடியேறினேன்.

முதல் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்த்தேன். நெல்லையப்பர் கோயில், கொக்கிரகுளம் அறிவியல் மையம், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம், ஊசிக் கோபுரம், கிருஷ்ணாபுரம் என்று வாரத்துக்கு ஓர் இடம். கைபேசியில் நானூறு படங்கள் சேர்ந்தன. ஏழாவது ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஒரு டம்ளர் கஞ்சி வைத்துத் தரக் கேட்க எனக்கு இந்த ஊரில் ஆள் இல்லை. எந்த இடத்துக்கும் நான் இரண்டாவது முறை போகவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. என்னை இரண்டு முறை பார்த்த முகம் ஒன்றுகூட இங்கே இல்லாதபோது யார் என்னை விசாரிப்பார்கள்?

அதற்குப் பிறகு நான் வேறு விதமாக நடந்துகொண்டேன். நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே நாளில், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பப் போனேன். இன்று எனக்கு இந்த ஊரில் இருக்கும் அத்தனை பேரும் அப்படிக் கிடைத்தவர்கள்தாம். வேலைக்காகவோ படிப்புக்காகவோ இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்கு உதவும் என்று அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு. ‘திருநெல்வேலிக்குப் போகிறேன்’ என்று இங்கே யாரும் சொல்வதில்லை. டவுன், ஜங்ஷன், பாளை என்று மூன்று பெயர்களில்தான் பேச்சு நடக்கும். தாமிரபரணிக்கு மேற்கே டவுனும் ஜங்ஷனும், கிழக்கே பாளையங்கோட்டையும். இந்த மூன்றும் மனதில் பதிய வேண்டுமானால், வந்த முதல் வாரத்திலேயே ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குப் பாளை பஸ் நிலையத்தில் தொடங்கி, தெற்கு பஜார் வழியாக முருகன்குறிச்சிக்கு வந்தால் ஊசிக் கோபுரம் தெரியும். 1826-இல் ஜெர்மன் பாதிரியார் இரேனியஸ் ஐயர் கட்டிய தேவாலயம் அது. அங்கிருந்து வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஆற்றுப் பாலம், ஜங்ஷன், ரயில் பாதைக்கு மேலே போகும் ஈரடுக்கு மேம்பாலம், டவுன் ஆர்ச், கடைசியில் கீழ ரத வீதி. நின்று நின்று நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வெயில் ஏறுவதற்குள் கோயில் வாசலுக்கு வந்துவிடலாம்.

வழியில் ஆற்றுப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். பக்கத்தில் இப்போது புதுப் பாலம் இருக்கிறது. நான் சொல்வது சுலோச்சன முதலியார் பாலம். பாலம் இல்லாத காலத்தில் இரு கரை மக்களும் படகுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். பாலம் கட்டப் பொதுமக்களிடம் பணம் திரட்டலாம் என்று பேச்சு வந்தபோது, கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். 1843-இல் பதினொரு வளைவுகளோடு பாலம் எழுந்தது. மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்ற ஒருத்திக்கு, ஓர் அலுவலக ஊழியரின் பெயரை ஒரு பாலம் இத்தனை காலம் சுமப்பது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. ஊருக்கு வந்த புதிதில் மனம் சோர்ந்த மாலைகளில் அங்கே போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீடு பிடிப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. தனியாக இருக்கும் பெண் என்றதும் மூன்று வீடுகளில் கதவைச் சாத்திவிட்டார்கள். நான்காவது வீட்டில் முன்பணம் பேசி முடித்த பிறகு, “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டார்கள். நான் வேலையையும் ஊரையும் சொன்னேன். அவர்களுக்கு அது போதவில்லை, வீடும் கிடைக்கவில்லை. கடைசியில் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா சொல்லித்தான் மகாராஜநகரில் ஓர் ஆச்சியின் மாடி வீடு கிடைத்தது. ஆகவே, விளம்பரப் பலகையைப் பார்த்துப் போவதைவிட உடன் வேலை செய்பவர்களிடம் வாய் விட்டுக் கேளுங்கள். கீழே உரிமையாளர் குடியிருக்கும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் வீடு திரும்பிவிட்டீர்களா என்று பார்க்க ஓர் ஆள் இருப்பதன் அருமை, தனியாக இருந்தவர்களுக்குத் தெரியும்.

சாதியைக் கேட்கும் அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நேராகவும் வரும், சுற்றி வளைத்தும் வரும். நான் இன்றுவரை அதற்குப் பதில் சொன்னதில்லை. “ஓசூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம்” என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பேன். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள், பழகியும் விடுவார்கள். மூன்றாவது முறையும் கேட்பவர்களிடமிருந்து நான் விலகிக்கொள்கிறேன். அந்த ஒரு கேள்விக்காக மற்றக் கேள்விகளுக்கெல்லாம் முகத்தைச் சுளித்துவிடாதீர்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, சம்பளம் கையில் எவ்வளவு வருகிறது என்று ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இதைத் துருவல் என்போம். இங்கே அது விசாரிப்பு. பதிலுக்கு நீங்களும் அதே அக்கறையோடு விசாரித்தால் அடுத்த முறை உங்கள் பெயர் அவர்களுக்கு நினைவிருக்கும்.

சில சொற்களைச் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள். கடைக்காரர், நடத்துநர், ஆட்டோ ஓட்டுபவர், உங்களைவிட மூத்த ஆண் யாராக இருந்தாலும் ‘அண்ணாச்சி’. வயதான பெண்கள் ‘ஆச்சி’. தோழியின் அண்ணன் மனைவி ‘மதினி’. நன்றாகப் பழகிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணையும் மதினி என்று அழைக்கலாம். தெருக்கோடி என்றோ தெருமுனை என்றோ கேட்டால் வழி கிடைக்கத் தாமதமாகும். ‘முக்கு’ என்று கேளுங்கள். வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று ஊரே முக்குகளால் ஆனது. இரண்டு சுவர்களுக்கு நடுவே போகும் குறுகிய சந்து ‘முடுக்கு’. ‘பைய வாருங்கள்’ என்றால் மெதுவாக வாருங்கள் என்று பொருள். முதல் மாதம் நான் கடையில் “அண்ணா” என்று அழைத்தபோது கேட்டதைக் கொடுத்தார்கள். “அண்ணாச்சி” என்று அழைத்த நாளில், “எந்த ஊர் பாப்பா நீ?” என்று பேச்சு தொடங்கியது.

அடுத்தது பஸ். இரண்டு சக்கர வண்டி வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆண்களுக்கும் பெரிய செலவு ஆகாது. தினமும் ஒரே நேரத்து பஸ்ஸில், முடிந்தால் ஒரே படி வழியாக ஏறுங்கள். பாளையிலிருந்து டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில் உட்கார இடம் இருக்காது. அதுதான் நல்லது. நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேட்காமலேயே வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனக்கு முதல் தோழி அப்படித்தான் கிடைத்தாள். வண்ணார்பேட்டையில் தினமும் ஏறுகிறவள், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒரு நாள் எனக்கு இருக்கை கிடைத்திருந்தது. அவளுடைய பையை வாங்கி மடியில் வைத்தேன். மேலே சோற்றுத் தூக்கு, அதன் கீழே மாவட்ட மைய நூலகத்தின் முத்திரை குத்திய ஒரு கனத்த புத்தகம். தூக்கின் மூடியிலிருந்து எள்ளுத் துவையலின் வாசனை வந்தது. இறங்கும்போது, “நூலகத்தில் உறுப்பினராக என்ன கொண்டுபோக வேண்டும்?” என்று கேட்டேன். “சனிக்கிழமை நான் போகிறேன், வாருங்கள்” என்றாள். பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாவது சனிக்கிழமைதான் பெயர் கேட்டோம்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. புதியவரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குபவர்கள், அவரிடம் ஒரு சிறு உதவியைக் கேளுங்கள். வழி, விலை, சமையல் முறை, நல்ல தையல்காரர், எதுவானாலும் சரி. திருநெல்வேலிக்காரர்களிடம் உதவி கேட்டால் பாதியில் விடமாட்டார்கள். தையல்காரர் யார் என்று கேட்டதற்கு, கடை வரை கூடவே வந்து, “இந்தப் பாப்பா நமக்கு வேண்டிய பாப்பா, பார்த்துத் தையுங்கள் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணை எனக்கு அதற்கு முன் பத்து நிமிடம்தான் தெரியும்.

என் வாரம் இப்படி அமைந்தது. புதன்கிழமை அதிகாலை மகாராஜநகர் உழவர் சந்தை. சனிக்கிழமை நூலகம். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக் குளியல். வெள்ளிக்கிழமை மாலை நெல்லையப்பர் கோயில். உங்களுக்கு வேறு நான்கு இருக்கலாம். விளையாட்டில் விருப்பம் உள்ளவர்களுக்கு வ.உ.சி. மைதானம் இருக்கிறது, காலையும் மாலையும் அங்கே நடப்பவர்கள் ஏராளம். ஆனால் நான்குக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், வாரம் தவறாதீர்கள். மூன்று மாதம் ஆகும். முதல் மாதம் யாரும் உங்களைக் கவனிக்கமாட்டார்கள், இரண்டாம் மாதம் தலையசைப்பார்கள், மூன்றாம் மாதம் நீங்கள் போகாத வாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். உழவர் சந்தையில் கீரை விற்கும் ஆச்சி, நான் ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தபோது, “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார். அன்று அரைக்கீரையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஓசூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கிணறும் ஏரியும்தான். ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடும் ஆற்றில் ஊரே குளிப்பதை நான் இங்கேதான் பார்த்தேன். ஜங்ஷனுக்குப் பின்னால் சிந்துபூந்துறை, தைப்பூச மண்டபம், டவுன் பக்கம் குறுக்குத்துறை என்று படித்துறைகள் பல. ஆசிரியைத் தோழியும் அவளுடைய அம்மாவும் என்னைக் குறுக்குத்துறைக்கு அழைத்துப் போனார்கள். ஆற்றுக்குள்ளேயே பாறையில் அமைந்த முருகன் கோயில் அங்கே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முழுகிவிடும். அதற்கு முன் உற்சவரைக் கரைக்கு மேலே இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவி விட்டுப் பூசை தொடரும்.

முதல் நாள் நான் சேலையை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் நிமிர்ந்து பார்க்காமலே, “அந்தக் கல்லில் கால் வைக்காதே அம்மா, பாசி” என்றார். கால் வைக்க வேண்டிய கல்லைச் சோப்புக் கையால் தட்டிக் காட்டினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கால் விரல்களுக்கிடையில் மணல் நழுவியது. சிறு மீன்கள் கணுக்காலைக் கொத்தின. நான் கத்தினேன். படித்துறையில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அங்கே நான் அந்நியள் இல்லை. குளித்து முடித்து ஈரத் தலையோடு படியில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் பேசப்படும் விஷயங்கள், எந்த அறைக்குள்ளும் பேச முடியாதவை.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத துறையில் தனியாக இறங்கவே கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். கரையில் இருக்கும் ஆச்சிகள் “இன்று வேண்டாம்” என்று சொன்னால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். குளிக்கும் இடத்தில் சோப்புக் காகிதத்தையும் ஷாம்பு உறையையும் விட்டுவிட்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ஒரு பை கொண்டுபோய் அவற்றைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிறேன். நெல்லையப்பர் கோயிலை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலவேண்டாம். தாமிர சபை, மணி மண்டபத்து இசைத் தூண்கள், அம்மன் சந்நிதிப் பக்கம் ஊஞ்சல் மண்டபம் என்று வாரம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க எல்லோருக்கும் கை பரபரக்கும். தட்டித் தட்டித் தேய்ந்தது போதும், விட்டுவிடுங்கள். சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தில் மாலையில் நடந்தால் காற்று நன்றாக வரும். பூக்காரப் பெண்கள், பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்று வாரம் தவறாமல் வருபவர்கள் பலர் உண்டு. 2025 ஜனவரியில் கோயில் யானை காந்திமதி இறந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் முகம் மட்டும் தெரிந்த ஒரு பூக்காரப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதார். அதுவரை நாங்கள் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

கோயிலை விட்டு வெளியே வந்தால் அல்வா. கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் மாலையில்தான் வியாபாரம் தொடங்கும். அதற்கு முன்பே வரிசை நின்றுவிடும். புதியவர்கள் அந்த வரிசையில் நிற்பதையே நான் சிபாரிசு செய்வேன். முன்னால் நிற்பவர் சென்னைக்குப் போகும் மகனுக்காக வாங்க வந்திருப்பார், பின்னால் நிற்பவர் பெண் பார்க்கப் போகும் வீட்டுக்காக வாங்குவார். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றுபடுவார்கள். ஊருக்கு வாங்கிப் போவதை டப்பாவில் வாங்குங்கள். நீங்கள் சாப்பிட, நூறு கிராம் சூடாகக் கேட்டு, அங்கேயே நின்றுகொண்டு சாப்பிடுங்கள். கையில் நெய் வழியும். துடைக்கக் காகிதம் கொடுக்கும் பக்கத்து ஆளிடம் பேச்சு தொடங்கிவிடலாம்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு அழைத்தால் போங்கள். பெயருக்கு அழைத்தார்களோ என்று சந்தேகப்படாமல் போங்கள். முகூர்த்தத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாட்டுக்கும் அழைத்தால், நீங்கள் நெருங்கியவர் ஆகிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சொதி என்ற குழம்புக்கு, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காய்ப் பாலைப் பிரித்தெடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். ஆச்சியின் வீட்டில் முதல் முறை சாப்பிட்டபோது நான் மூன்று தடவை சோறு கேட்டேன். மறுவாரம் என் ராகி மாவில் களி கிண்டி, உருண்டை பிடித்து, அவரைக்கொட்டைக் குழம்போடு கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி களியை மென்று தின்னப் பார்த்தார். “மெல்லக் கூடாது ஆச்சி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும்” என்று காட்டிக் கொடுத்தேன். எழுபத்திரண்டு வயதில் புதிதாக ஒரு சாப்பாட்டைக் கற்றுக்கொண்ட அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். வாங்கிக்கொண்டே இருக்காமல், உங்கள் ஊரிலிருந்தும் ஏதாவது கொடுங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கல்யாணத்தைவிடத் துட்டிக்குப் போவது முக்கியம். இறப்பு நடந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதை இங்கே அப்படிச் சொல்வார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் முதலில் தவிர்த்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சியின் தாயார் இறந்தபோது, சேரன்மகாதேவி வரை பஸ் பிடித்துப் போனேன். ஒன்றும் பேசவில்லை, பந்தலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இங்கே விடைபெறும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது, எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டு வைத்திருந்தேன். அலுவலகத்தில் அதுவரை என்னை ‘மேடம்’ என்றவர், அதற்குப் பிறகு ‘தங்கச்சி’ என்கிறார்.

மதம் ஒரு தடையாக எனக்கு இங்கே இருந்ததில்லை. மேலப்பாளையத்திலிருந்து வேலைக்கு வரும் தோழியின் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். டிசம்பர் இரவுகளில் பாளைத் தெருக்களில் பாடிக்கொண்டு வரும் குழுவினருக்கு ஆச்சி கருப்பட்டிக் காபி போட்டு வைப்பார். அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். என்ன உடுத்த வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் விடாத மழை. வண்ணார்பேட்டையில் தோழியின் வீடு ஆற்றை ஒட்டிய தாழ்ந்த தெருவில் இருந்தது. மாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “யோசிக்காமல் கிளம்பி வா, எங்கள் தெரு மேடு” என்றேன். அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பையில் சான்றிதழ்கள், இன்னொரு பையில் கோயில் படங்கள் என்று ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரவில் அவர்கள் தெருவில் தண்ணீர் கதவின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. மறுநாள் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஜங்ஷன் பக்கமெல்லாம் வெள்ளம். ஐந்து நாள் ஆறு பேரும் ஒன்றாக இருந்தோம். ஆச்சி பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டினார். காய் தீர்ந்த மூன்றாம் நாள் ராகிக் களி கிண்டினேன்; பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் தட்டைக் காலி செய்தார்கள். வடிந்த பிறகு எங்கள் தெருவே திரண்டு போய் அவர்கள் வீட்டுச் சேற்றை வாரியது. பஸ்ஸில் ஒரு பையை மடியில் வாங்கியதில் தொடங்கிய பழக்கம் அது.

இப்படி நான்கு பேர் சேர்ந்த பிறகு ஊரைச் சுற்றிப் பாருங்கள். முன்பு தனியாகப் பார்த்த இடங்களுக்கே திரும்பப் போங்கள். கிருஷ்ணாபுரம் திருச்செந்தூர்ச் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர்தான். தனியாகப் போனபோது நான் படம் எடுத்தேன். தோழியோடு போனபோது, இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவனின் சிற்பத்துக்கு முன் அவள் என்னை நிறுத்தி, விலா எலும்பையும் நரம்பையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். செங்கோட்டை ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வயலும் வாழையும் பொதிகை மலையும் கூடவே வரும். சேரன்மகாதேவியில் இறங்கிப் பத்தமடைக்குப் போய்க் கோரைப்பாய் பின்னுவதைப் பார்க்கலாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். நவராத்திரி முடிவில் பாளையங்கோட்டைத் தசராவை விட்டுவிடாதீர்கள். ஆயிரத்தம்மன் உள்ளிட்ட அம்மன்களின் சப்பரங்கள் வரிசையாக நிற்கும் இரவில், தெருவில் யாரும் தூங்குவதில்லை.

கடைசியாக ஆனித் தேரோட்டம். ஒன்பதாம் திருநாள், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. பிள்ளையார், முருகன், நெல்லையப்பர், காந்திமதி அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள் நான்கு ரத வீதிகளிலும் வரும். நெல்லையப்பர் தேரை ஆட்களே இழுக்கிறார்கள். புதியவர்கள் வடத்தைத் தொட அஞ்சவேண்டாம், பெண்களும் பிடிக்கிறோம். ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்திலும், முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு அருகிலும் போகவே கூடாது. வடத்தில் முன்பக்கமாக நில்லுங்கள். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், சாலை சுடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். துப்பட்டாவையோ முந்தானையையோ இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் தேவையில்லை. வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள். நாங்கள் வாகையடி முக்கில், ஆச்சிக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு நிற்போம். ஓசூர்க்காரி எங்கே என்று யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள்.